சுழலும் இருக்கையும் புத்தூர்ப் பட்டறையும்

பிரிட்டனில் குடியேறி வாழும் நம் தமிழ்க் குடும்பங்களிடையே சென்ற சில ஆண்டுகளாகப் புதிய பழக்கம் ஒன்று வேரூன்றி வருகிறது. கோடை விடுமுறை பிறந்ததும் விடுதிகளில் அறை தேடி அலைவதை விடுத்து, படுக்கையும் அடுப்பும் உள்ளடங்கிய கேம்பர் வேன் ஒன்றைச் சொந்தமாகவோ வாடகைக்கோ அமர்த்திக்கொண்டு, குழந்தைகளோடும் பெரியவர்களோடும் வேல்ஸ் மலைப் பக்கமும் ஸ்காட்லாந்து ஏரிப் பக்கமும் புறப்பட்டுவிடுகின்றனர். இட்லிப் பானை உடன் செல்கிறது. எலுமிச்சை ஊறுகாயும் உடன் செல்கிறது. கூண்டு வண்டி பூட்டிக் கட்டுச்சோற்று மூட்டையோடு திருவிழாவுக்குச் சென்ற நம் பாட்டன் பாட்டிமார் இதைக் கண்டால் வியக்கவே மாட்டார்கள். மாடு எங்கே என்று மட்டும் கேட்பார்கள்.

இவ்வண்டிகளில் நம்மவர் உள்ளத்தை மிகவும் கவர்ந்தது எது என்று வினவினால், பெரும்பாலோர் சொல்வது சுழலும் இருக்கையைத்தான். வண்டியை நிறுத்தியபின் ஒரு பிடியை இழுத்து இருக்கையைத் திருப்பினால், அதுவரை சாலையை நோக்கியிருந்தவர் வீட்டாரை நோக்கி அமர்ந்துவிடுகிறார். நடுவே ஒரு சிறு மேசையை நாட்டிவிட்டால் கூடம் ஒன்று உருவாகிவிடுகிறது. முழங்கால் வலியால் வருந்தும் பெரியவர்களுக்கோ அது மற்றொரு வகையிலும் பெரும் உதவி. சில அமைப்புக்களில் இருக்கை கதவுப் பக்கமாகத் திரும்பி நிற்கும். அவர்கள் உடலை முறுக்காமலே காலை வெளியே வைத்து இறங்கலாம். இத்துணை நன்மை செய்யும் அந்த இருக்கையின் அடியில் என்ன இருக்கிறது என்று குனிந்து பார்த்தவர் நம்முள் எத்தனை பேர்? நாங்களும் பார்த்ததில்லை. சொந்த வண்டி வாங்கி நான்கு ஆண்டுகள் ஆகியும் பார்த்ததில்லை. பார்க்க வைத்தது புத்தூர்.

சென்ற ஆண்டு விடுமுறையில் தாயகம் சென்றிருந்தபோது, எழுபத்தெட்டு வயது நிரம்பிய எங்கள் அன்னையார் திருப்பதிக்குப் போகவேண்டும் என்று விரும்பினார். இரு முழங்காலும் தேய்ந்தவர். ரெயிலில் ஏறி இறங்குவது இயலாது. ஆகவே சென்னையில் ஒரு வேனை வாடகைக்கு அமர்த்தினோம். உட்புறத்தை மாற்றி, பின்னால் படுக்கையும் நடுவரிசையில் இரண்டு சுழலும் இருக்கைகளும் பொருத்திய வண்டி அது. பார்வைக்கு மிக அழகாயிருந்தது. மெத்தென்ற தோலுறை, கைப்பிடியில் மரவேலை. "இதுவல்லவா வண்டி!" என்று எங்கள் பிள்ளைகள் குதித்தனர். விடியற்காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டோம்.

திருவள்ளூர் தாண்டித் திருத்தணி மலையைக் கீழிருந்தே தொழுது, சற்றுத் தொலைவு சென்றபின் ஒரு புளிய மரத்தடியில் நிறுத்தினோம். இருக்கைகளை எதிரெதிராகத் திருப்பிப் புளியோதரைப் பொட்டலங்களைப் பிரித்தோம். அந்தக் காலை உணவின் இன்பத்தை இங்கே விரித்தெழுதப் புகுந்தால் கட்டுரை அதோடு முடிந்துவிடும். உண்டு முடித்து, இருக்கைகளை மீண்டும் முன்னோக்கித் திருப்பி, அன்னையாரை அமர்த்திப் புறப்பட்டோம். திருப்பியபோது ஒன்றிலிருந்து 'டக்' என்ற ஓசை வந்தது. மற்றொன்றிலிருந்து வரவில்லை. அந்த வராத ஓசையை எங்களுள் ஒருவரும் பொருட்படுத்தவில்லை.

நகரியைக் கடந்தோம். மூக்குப் போல் நீண்டிருக்கும் அம்மலை முகட்டைத்தான் முற்காலத்தில் கடலில் வந்த மாலுமிகள் கரையின் அடையாளமாகக் கொண்டனர் என்று பிள்ளைகளுக்குக் காட்டிக்கொண்டு வந்தோம். புத்தூர் நெருங்குகையில் சாலையின் குறுக்கே ஆட்டு மந்தை ஒன்று புகுந்தது. டிரைவர் பிரேக்கை அழுத்தினார். அவர் மேல் குற்றமில்லை. மிகுந்த வேகமும் இல்லை. ஆனால் அன்னையார் அமர்ந்திருந்த இருக்கை அவரையும் சுமந்துகொண்டு கால் வட்டம் சுழன்றுவிட்டது! அவருடைய முழங்கை பக்கத்து ஜன்னல் சட்டத்தில் 'படார்' என்று மோதியது. "அம்மா!" என்று நாங்கள் அலறிய அலறலில் ஆடுகளே ஒதுங்கிவிட்டன.

புத்தூர் என்றதும் தமிழ்நாட்டில் யாருக்கும் நினைவுக்கு வருவது எலும்புக் கட்டு. ஊரை அடுத்த சிற்றூர் ஒன்றில் ராஜு குடும்பத்தார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து பரம்பரை பரம்பரையாகச் செய்துவரும் வைத்தியம் அது. பச்சிலைச் சாறும் முட்டை வெண்கருவும் பூசி, துணி சுற்றி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டுவார்கள். 'புத்தூர் கட்டு' என்ற பெயர்ப் பலகை இல்லாத பட்டணம் தமிழ்நாட்டில் அரிது. அந்த ஊர் எல்லையிலேயே எங்கள் அன்னையாருக்கு அடிபட்டதை எண்ணி அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. முதலில் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தோம். இறையருளால் எலும்பில் முறிவு இல்லை. வீக்கமும் கன்றலும் மட்டுமே. வலிக்கு மாத்திரையும் கைக்குத் தூளியும் தந்து அனுப்பினார்கள்.

இனி வண்டி. டிரைவர் இருக்கையின் அடியில் கையை விட்டு ஆட்டிப் பார்த்துவிட்டு, "ஒன்றுமில்லை சார், கயிறு போட்டுக் கட்டிவிட்டால் மேலே போய்ச் சேர்ந்துவிடலாம்" என்றார். நைலான் கயிறும் எடுத்துவிட்டார். உண்மையைச் சொன்னால், எங்களுள் இருவர் அதற்கு இசைந்தும்விட்டோம். தரிசனத்துக்குக் குறித்த நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அன்னையாரோ, "எனக்கு ஒன்றும் இல்லை, கிளம்புங்கள்" என்று துரிதப்படுத்தினார். அப்போது தேநீர்க் கடைக்காரர் எதிரே இருந்த பட்டறையைச் சுட்டிக் காட்டினார். கட்டுவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம் என்று அங்கே சென்றோம்.

1960-இல் எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. புத்தூர் ஆந்திரத்திலேயே நின்றது. 2022-இல் சித்தூர் மாவட்டத்தைப் பிரித்தபோது திருப்பதி மாவட்டத்துக்குப் போயிற்று. எங்கே போனால் என்ன! கடைத்தெருவில் தெலுங்கும் தமிழும் ஒரே வாக்கியத்தில் கைகோத்து நடக்கின்றன. பட்டறைக்காரரும் அப்படியே பேசினார். ஐம்பது வயதிருக்கும். லாரி இருக்கைகளும் பஸ் இருக்கைகளும் பழுது பார்ப்பவர். கயிற்றைப் பார்த்ததும் டிரைவரை நோக்கி, "எங்கள் ஊர்க் கட்டு எலும்புக்குத்தான் பாபு, சீட்டுக்கு இல்லை" என்றார். பிறகு அன்னையாரை, "பெத்தம்மா, நீங்கள் அந்த பெஞ்சில் உட்காருங்கள், எல்லோரும் இறங்குங்கள்" என்று பணித்துவிட்டு வேலையைத் தொடங்கினார்.

அடுத்த ஒன்றேகால் மணி நேரத்தில் நாங்கள் கற்றதைத்தான் நேயர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

நம் பாட்டிமார் மாவரைத்த திருகையை நினைத்துக்கொள்ளுங்கள். கீழ்க்கல் அசையாது, நடு முளையைச் சுற்றி மேற்கல் சுழலும். சுழலும் இருக்கையின் உறுப்பும் அதுவே. இரண்டு எஃகுத் தட்டுகள்: கீழ்த்தட்டு வண்டியின் பெட்டியோடு போல்ட் போட்டு முடுக்கப்பட்டிருக்கும், மேல்தட்டு இருக்கையின் அடிச்சட்டத்தோடு முடுக்கப்பட்டிருக்கும். இரண்டுக்கும் நடுவே எஃகுக் குண்டுகள் ஓடும் பேரிங்கோ, வழவழப்பான நைலான் வளையமோ இருக்கும். நடுவில் கம்பிகள் ஏறிச் செல்ல ஒரு துளை. இவை அனைத்தும் சுழல்வதற்கான ஏற்பாடு. சுழலாமல் நிற்பதற்கான ஏற்பாடோ ஒன்றே ஒன்று: ஸ்பிரிங் தள்ளும் ஒரு பூட்டு முளை. முன்னோக்கி நிற்கையில் அம்முளை கீழ்த்தட்டின் குழியில் முழுதும் இறங்கவேண்டும். அந்த இறக்கத்தின் ஓசைதான் நாங்கள் கேளாமல் விட்ட 'டக்'.

பட்டறைக்காரர் கைபேசி விளக்கை அடியில் பிடித்துக்கொண்டு, சைக்கிள் ஆரக்கம்பி ஒன்றால் அக்குழியைக் கிளறினார். முதலில் வெளிவந்தது ஒரு வேர்க்கடலைப் பருப்பு, பாதியாய் நசுங்கியிருந்தது. அது எங்கள் புளியோதரையினுடையது என்பதில் ஐயமில்லை. அதன் பின்னே வந்ததெல்லாம் எங்களுக்கு முன் சென்ற யாத்திரிகர்களின் கைங்கரியம். எண்ணெயும் சோற்றுப் பருக்கையும் மணலும் கலந்து கல்லாய் இறுகிய கட்டி, ஓர் ஊக்கு, ஒரு ரூபாய் நாணயம். குழி முக்கால் பங்கு ஏற்கெனவே தூர்ந்திருந்தது. எஞ்சிய கால் பங்கை எங்கள் கடலை நிரப்பிவிட்டது. முளை நுனி மட்டும் தொட்டுக்கொண்டு நின்றிருக்கிறது. ஆட்டு மந்தை வராமலிருந்திருந்தால் திருமலைச் சாலையின் வளைவுகளில் அது வேலையைக் காட்டியிருக்கும்.

அதோடு முடியவில்லை. தட்டைப் பெட்டியோடு பிணைத்திருந்த நான்கு போல்ட்டுகளில் ஒன்றைக் காணோம். மற்றொன்று விரலாலேயே கழன்றது. காணாமற்போனதற்குப் பதிலாக டிரைவர் தம் பெட்டியிலிருந்து பளபளப்பான போல்ட் ஒன்றை நீட்டினார். பட்டறைக்காரர் அதன் தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஒதுக்கிவிட்டார். "இதில் எழுத்து எங்கே?" என்றார். பிறகு தம் டப்பாவில் தேடி, தலையில் 8.8 என்று பொறித்திருந்த ஒன்றை எடுத்துக் காட்டினார். அந்த எண் போல்ட்டின் வலிமையைக் குறிப்பது. 8.8, 10.9 என எண் ஏற ஏற வலிமை ஏறும். எண்ணே இல்லாதது கதவுக் கீலுக்கு ஆகலாம். மனிதரைத் தாங்கும் இருக்கைக்கு ஆகாது. நட்டும் புதிதாகப் போட்டார். உட்புறம் நைலான் வளையம் உள்ள நட்டை ஒருமுறை கழற்றினால் அதன் பிடிப்புத் தளர்ந்துவிடும். திரும்பப் பயன்படுத்தலாகாது என்பது அவர் விதி. தயாரிப்பாளர்களின் விதியும் அதுவே என்று பின்னால் படித்தறிந்தோம்.

கயிறு ஏன் ஆகாது என்றும் அவரையே கேட்டோம். கயிறு நீளும், இருக்கை மோதும் வேகத்தில் அறுந்தும் போகும், அறாமலிருந்தாலோ ஆபத்து வேளையில் உள்ளே இருப்பவரை இறக்க முடியாது என்றார். இவ்வளவுக்கும் அவர் கேட்ட கூலி ஐந்நூறு ரூபாய். அன்னையார் தம் மடியிலிருந்து அதற்கு மேல் ஒரு தொகையை அவர் கையில் வைத்து அழுத்தினார். நாங்கள் தரிசன நேரத்தைத் தவறவிட்டோம். மறுநாள் கிடைத்தது.

ஓர் இருக்கை முன்னோக்கி அசையாமல் நிற்பதைப் பற்றி இத்துணை கவலை எதற்கு என்று சிலர் நினைக்கலாம். கார் இருக்கைகளுக்கான ஐக்கிய நாடுகளின் 17-ஆம் எண் ஒழுங்குமுறையின்படி, இருக்கையும் அதன் பிணைப்பும் புவியீர்ப்பைப் போல் 20 மடங்கு வேகத்தடையைத் தாங்கவேண்டும். அதாவது 25 கிலோ எடையுள்ள இருக்கை மோதலின் கணத்தில் அரை டன் சுமையாக முன்னே பாயும். அமர்ந்திருப்பவரின் எடை வேறு. அத்தனையையும் பிடித்து நிறுத்த வேண்டியவை அந்தப் போல்ட்டுகளும் கட்டைவிரல் பருமன்கூட இல்லாத முளையுமே. மேலும், சீட் பெல்ட் முன்னோக்கி அமர்ந்தவருக்கென அமைந்தது. பக்கவாட்டில் திரும்பியவருக்கு அது காப்பாகாது. வயிற்றையோ கழுத்தையோ இறுக்கித் தீங்கே செய்யும். ஓடும் வண்டியில் இருக்கையைத் திருப்பி வைத்துக்கொண்டு சீட்டாடும் அன்பர்கள் இதைக் கருதவேண்டும். அத்தகைய அன்பர்கள் நம் சங்கத்திலேயே உண்டு; பெயர் சொல்லமாட்டோம்.

சுழலும் இருக்கை புதுமையன்று. அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தை 1776-இல் வரைந்த ஜெபர்சன் சுழல் நாற்காலியில் அமர்ந்தே வரைந்தார் என்பர். கார்களில், 1959-ஆம் ஆண்டு மாதிரிகளிலேயே கிரைஸ்லர் கம்பெனியார் கதவுப் பக்கம் திரும்பும் முன்னிருக்கையை வேண்டியவர்க்குப் பொருத்தித் தந்தனர். இந்தியாவிலும் 2025-ஆம் ஆண்டின் இறுதியில் மாருதி சுசூகி கம்பெனியார் முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்குமாக வேகன்-ஆர் காரில் அத்தகைய இருக்கையை அறிமுகப்படுத்தினர். சோதித்துத் தேர்ந்த இவ்வகை அமைப்பு ஒன்று. எவரோ ஒரு பட்டறையில் கண்ணளவாய் வெட்டி ஒட்டிய அமைப்பு மற்றொன்று. இந்தியாவின் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்துவதை, குறித்த விலக்குகள் நீங்கலாகத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. ஊருக்குச் சென்று வண்டி அமர்த்தும் நம்மவர், தோலுறையின் அழகைப் பாராட்டுமுன், இந்த மாற்றம் பதிவுப் புத்தகத்தில் ஏறியிருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்பது நலம். பிரிட்டனில், இருக்கை மாற்றத்தை இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு அறிவிப்பது நம் கடமை. மூன்றாண்டு கடந்த வண்டிகளுக்கு ஆண்டுதோறும் நடக்கும் எம்.ஓ.டி. சோதனையில் இருக்கையின் பிணைப்பையும் பார்க்கிறார்கள்.

நிற்க. திரும்பி வந்த வாரமே எங்கள் சொந்த வண்டியின் அடியில் தலையை நீட்டினோம். நாணினோம். கடலை இல்லை, அதற்குப் பதில் பிஸ்கட் துகள், கூந்தல் ஊசி, இரண்டு பென்ஸ் காசு. குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பு செருப்படிகளோடு உள்ளே வந்து, தட்டின் விளிம்பில் செந்நிறத் துருவாகப் பூத்திருந்தது. இங்கே உண்ணுங் கூட்டம் குறைவு என்றாலும் ஈரம் மிகுதி அல்லவா?

செய்த வேலையைச் சொல்கிறோம். முதலில் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கியரில் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தோம். இதை அற்பமாக எண்ணலாகாது. சில வண்டிகளில் கைப்பிரேக்கின் பிடி இருக்கைகளுக்கு நடுவே நிமிர்ந்து நிற்கும். அதைத் தளர்த்தித் தாழ்த்தினாலொழிய இருக்கை திரும்பாது. மலைச்சரிவில் தேநீர் குடிக்க நிறுத்தி, இருக்கையைத் திருப்புவதற்காகக் கைப்பிரேக்கைத் தளர்த்திவிட்டு மறந்தால் விளைவை நாம் சொல்லவேண்டியதில்லை. திருப்பியதும் மீண்டும் பிரேக்கை இழுத்துவிட வேண்டும். பிடி இடிக்கிறது என்றால் சக்கரக் கட்டையை எடுக்கவே கூடாது.

அடுத்து, இருக்கையைத் திருப்பித் திருப்பி, தூசு உறிஞ்சும் கருவியின் ஒடுங்கிய முனையால் எல்லா இடுக்குகளையும் துப்புரவு செய்தோம். பூட்டுக் குழியை மரக்குச்சி ஒன்றால் கிளறி, துணியால் துடைத்தோம். துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து நீக்கினோம். தண்ணீர் ஊற்றிக் கழுவ நினைப்பவர்கள் உண்டு, செய்யாதீர்கள். பல வண்டிகளில் இருக்கையின் அடியிலேயே பாட்டரி இருக்கிறது. இரும்பு ஸ்பேனர் கை தவறி அதன் இரு முனைகளையும் ஒருசேரத் தொட்டாலே தீப்பொறி பறக்கும். ஆதலால் இருக்கையைக் கழற்றுவதாயின் பாட்டரித் தொடர்பை முதலில் நீக்கவேண்டும். புதிய வண்டிகளில் இருக்கையின் பக்கவாட்டில் ஏர்பேக் உண்டு. அடியில் மஞ்சள் நிற இணைப்பு தென்பட்டால் அது ஏர்பேக்கினுடையது; அதைப் பிரிக்காதீர்கள், இழுக்காதீர்கள். இருக்கையையே கழற்ற வேண்டிய நிலை வந்தால் பயின்றவரிடம் விட்டுவிடுவதே அறிவுடைமை. ஒவ்வொரு திருப்பத்திலும் அக்கம்பிகள் முறுக்கிக்கொள்கின்றனவா, தட்டின் விளிம்பில் உராய்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். எங்கள் வண்டியில் ஒரு கம்பியின் மேலுறை தேய்ந்து வெளிறியிருந்தது. இன்னும் ஓர் ஆண்டு விட்டிருந்தால் செம்பு தெரிந்திருக்கும்.

எண்ணெய் விஷயத்தில் நம்மவர்க்குத் தாராளம் அதிகம். மாட்டு வண்டி அச்சுக்கு மை இட்ட வழக்கம் இரத்தத்தில் ஊறியது போலும்! இங்கே தாராளம் தீமை. எஃகுக் குண்டுகள் ஓடும் தட்டானால், பழைய கிரீஸைத் துடைத்துவிட்டுப் புதியதை மெல்லிதாகப் பூசினால் போதும். நைலான் வளையம் உள்ளதாயின் பெரும்பாலும் கிரீஸ் வேண்டுவதில்லை. சிலிக்கோன் தெளிப்பு ஒன்றே போதும். இரண்டில் எது என்று தயாரிப்பாளரின் குறிப்பேட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். பூட்டு முளைக்கும் குழிக்கும் கிரீஸ் அப்பவே கூடாது. அது தூசியைக் கூட்டிப் பிடித்து, புத்தூரில் கண்ட அதே கட்டியை வளர்க்கும். ஈரப்பசையற்ற தெளிப்பு சிறிது போதும்.

பிறகு போல்ட்டுகள். இவற்றைக் கை பலத்தால் முடுக்குவது போதாது. மிகையாக முடுக்குவதும் கேடு, மரை உரிந்துபோகும். தயாரிப்பாளர் குறித்த அளவுக்கு டார்க் ரென்ச் கொண்டு முடுக்க வேண்டும். அளவு வண்டிக்கு வண்டி வேறுபடுவதால் இங்கே எண் தரவில்லை. அண்டை வீட்டாரின் எண்ணைக் கேட்டும் முடுக்கலாகாது. முடுக்கியபின் போல்ட்டின் தலையிலிருந்து தட்டின் மேல் விழுமாறு வெள்ளைச் சாயத்தால் ஒரு கோடு இழுத்தோம். போல்ட் சிறிது தளர்ந்தாலும் கோடு முறிந்து தெரியும். குனிந்து ஒரு பார்வை பார்த்தால் போதும், கருவி வேண்டா. எங்கள் மூத்த பெண் இந்தப் பார்வையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

இறுதியில் ஆட்டிப் பார்த்தல். ஆளில்லாத இருக்கையின் சாய்வு மேல்முனையைப் பற்றி முன்னும் பின்னும், பின்பு இடமும் வலமுமாகத் தள்ளுங்கள். நூலளவு அசைவு இயல்பே. சென்ற மாதம் இல்லாத அசைவு இம்மாதம் தோன்றினால் அது செய்தி. கிறீச்சொலி கேட்டால் உடனே சுழல்தட்டைப் பழிக்க வேண்டா. இருக்கை முன்பின்னாக நகரும் சட்டத்திலிருந்தே பெரும்பாலும் அது வரும். தட்டின் பற்றவைப்பில் மயிரிழை வெடிப்புக் கண்டாலோ வீட்டு வைத்தியம் எதுவும் செய்யாதீர்கள். மீண்டும் பற்றவைத்துத் தரச் சொல்லி அண்டைப் பட்டறைக்குப் போகாதீர்கள். தட்டையே மாற்றவேண்டும். செலவுதான், வேறு வழியில்லை.

அன்னையார் இவ்வாண்டு இங்கே வந்திருக்கிறார். முழங்கை ஆறிவிட்டது, மழை நாளில் சிறிது வலிக்கிறது என்கிறார். தட்டு பொருத்தியதால் இருக்கை சில சென்டிமீட்டர் உயர்ந்துவிட்டதால் அவர் கால் தரையில் பாவவில்லை. ஆகவே பழைய மரப்பலகை ஒன்றை அளவாக அறுத்துக் காலடியில் திருகி வைத்திருக்கிறோம். வண்டி கிளம்புமுன் அவரே, "டக் கேட்டதா?" என்று வினவுகிறார். கேட்கவில்லை என்றால் கிளம்ப விடமாட்டார். இப்போது வண்டியில் புளியோதரை உண்டு. வேர்க்கடலை மட்டும் தனிக் கிண்ணத்தில் வருகிறது.

டார்க் ரென்ச் ஒன்று வாங்கியிருக்கிறோம். சங்கத்து அன்பர்கள் தங்கள் வண்டிக்கு வேண்டுமானால் ஞாயிறு கூட்டத்தின்போது எங்களிடம் பெற்றுக்கொள்ளலாம். சென்ற ஆண்டு இரவல் சென்ற எங்கள் தோசைக்கல் இன்னும் திரும்பவில்லை. அதையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு ரென்ச்சை எடுத்துச் செல்லுமாறு உரியவரை வேண்டிக்கொள்கிறோம்.